‘தப்பி ஓடிவிட்டார்’: ஆவண நாடகம் என்றால் என்ன? விருத்தாசலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மேடையில் செட் கிடையாது. நாலைந்து நாற்காலி, ஒரு மேஜை, கொஞ்சம் ஃபைல். ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார். அவர் பேசுவது யாரோ எழுதிய வசனம் இல்லை. கோர்ட்டில் ஒரு சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னது, வார்த்தை மாறாமல். அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுந்து ஒரு போலீஸ் அதிகாரியின் பதிலைச் சொல்கிறார். அதுவும் வார்த்தை மாறாமல்தான். பின்னணி இசை இல்லை. யார் பொய் சொல்கிறார் என்று காட்டிக்கொடுக்க க்ளோஸ்-அப்பும் இல்லை.

இதைத்தான் ஆவண நாடகம் என்கிறார்கள். உலகம் முழுக்க இந்த வகை நாடகம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு: போலீஸ் ஸ்டேஷன். போலீஸ் அடித்ததில் வெடித்த கலவரம், லாக்கப்பில் போன உயிர், சாதியோ நிறமோ பார்த்து நடந்த கைது ஆகியவற்றைப் பற்றிய நாடகங்கள்தான் இதில் அதிகம் பேசப்பட்டவை.

தமிழ்நாட்டில் இப்படியொரு நாடகத்துக்கு மூலப்பொருள் தேடினால், முதலில் கை நீட்ட வேண்டிய ஊர்களில் ஒன்று விருத்தாசலம்.

பீங்கான் ஊரும் பக்கத்து ஸ்டேஷனும்

விருத்தாசலம் என்றால் பலருக்கு ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரும். பக்தி உள்ளவர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும் மணிமுத்தாறும். வேலை தேடியவர்களுக்கு செராமிக் தொழிற்பேட்டை: பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று களிமண்ணைச் சுட்டு விற்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள். செராமிக் டிப்ளமோ படிக்க என்றே இங்கே அரசுக் கல்லூரி இருக்கிறது.

‘ஜெய் பீம்’ பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை இந்த ஊர்ப் பக்கம் நடந்தது என்று தெரியும்? விருத்தாசலத்தை ஒட்டிய கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதனை கிராமம். 1993 மார்ச். அப்போது கடலூர் மாவட்டமே பிறக்கவில்லை, எல்லாம் தென்னாற்காடு மாவட்டம்.

பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போகிறது. போலீஸ் முதனைக்கு வருகிறது. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் தேடுகிறார்கள். அவர் வீட்டில் இல்லை. அதனால் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு ராஜாக்கண்ணு கிடைக்கிறார். ஸ்டேஷனில் அவரைக் கட்டிவைத்து அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பார்வதி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஸ்டேஷன் தரப்பு சொன்னது: ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார்.

அதே நாட்களில் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், அன்றைய திருச்சி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டி போலீஸ் எல்லையில், அடையாளம் தெரியாத ஒரு ஆணின் உடல் கிடைக்கிறது.

இரண்டு ஸ்டேஷன், இரண்டு மாவட்டம், இரண்டு ரெக்கார்ட். ஒன்றில் ஆள் ஓடிவிட்டார். இன்னொன்றில் பெயர் இல்லாத ஒரு பிணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடந்தது என்னவென்று புரியும். அப்படி வைக்க ஒரு ஹேபியஸ் கார்பஸ் மனு, அதாவது ஆட்கொணர்வு மனு தேவைப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியினர் பார்வதிக்குத் துணை நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் சந்துரு ஆஜரானார். ஐ.ஜி. பெருமாள்சாமி விசாரணை நடத்தினார். ராஜாக்கண்ணு கொலையில் போலீஸாருக்கு ஆயுள் தண்டனை என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது வருஷம் 2006. சம்பவம் நடந்து 13 வருஷம்.

(அதே 2006ல் விருத்தாசலம் செய்தியில் அடிபட்டது வேறு விஷயத்துக்காக. தனியாகக் கட்சி தொடங்கி, முதன்முதலாகத் தேர்தலில் நின்று, விஜயகாந்த் ஜெயித்த தொகுதி அது. போலீஸ் ஹீரோவாக நடித்தே மக்கள் மனதில் நின்ற நடிகர். வேறொன்றும் சொல்வதற்கில்லை.)

1993: அதே இரண்டு மாதம்

இந்தத் தேதிகளை உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது.

கம்மாபுரம் சம்பவம் 1993 மார்ச். அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 17ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு தீர்ப்பு வருகிறது. ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை 1991 மார்ச்சில் போலீஸ்காரர்கள் நடுரோட்டில் போட்டு அடித்தார்கள். எதிர் பில்டிங்கில் குடியிருந்த ஒருவர் அதைப் பால்கனியில் நின்றபடி வீடியோ எடுத்துவிட்டார். வீடியோவே இருந்தும் 1992 ஏப்ரல் 29 அன்று ஜூரி அந்தப் போலீஸாரைக் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்தது. அன்று சாயங்காலமே நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிறகு மத்திய அரசு தனியாக ஒரு வழக்குப் போட்டு, அதில்தான் நான்கு பேரில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்புதான் ஏப்ரல் 17.

அதிலிருந்து ஐந்தே நாளில், ஏப்ரல் 22 அன்று, லண்டன் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயது கறுப்பின மாணவர் ஸ்டீஃபன் லாரன்ஸை வெள்ளையின இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. கொன்றது போலீஸ் இல்லை. ஆனால், விசாரிக்க வேண்டிய போலீஸ் விசாரித்த லட்சணம் பின்னால் பெரிய விவகாரமாக வெடித்தது.

லாஸ் ஏஞ்சலீஸும் லண்டனும் மேடை ஏறின. உலகின் நாடகப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தன. கம்மாபுரம் சினிமாவாக வரவே 28 வருஷம் ஆனது.

ஒரே நடிகை, ஊர் முழுக்க

லாஸ் ஏஞ்சலீஸ் கலவரத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர் அன்னா டெவேர் ஸ்மித் என்ற கறுப்பின நடிகை. நாடகத்தின் பெயர் ‘ட்வைலைட்: லாஸ் ஏஞ்சலீஸ், 1992’. அரங்கேறியது 1993ல், அதே ஊரில்.

அவர் செய்தது இதுதான். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். சுமார் 300 பேரிடம் பேசினார். அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பேசியதை அப்படியே பேசினார். திக்கல், திணறல், பாதியில் விட்ட வாக்கியம், ‘அது வந்து… எப்படிச் சொல்றது’ என்பது மாதிரியான இழுவைகள், எல்லாமும். எல்லா வேடத்தையும் ஒரே ஆள் போட்டார்.

யார் யார் அதில்? ராட்னி கிங்கின் அத்தை. அப்போதைய போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ். கலவரக்காரர்கள் லாரியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்த வெள்ளையின டிரைவர் ரெஜினால்ட் டென்னி. கடை பறிபோன கொரியப் பெண்மணி. போலீஸை விடுதலை செய்த ஜூரியில் ஒருவர்.

அந்தக் கொரியப் பெண்மணி முக்கியம். கறுப்பு–வெள்ளை என்று இரண்டு தரப்பாக மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கலவரம் புரியவே புரியாது. ராட்னி கிங் அடி வாங்கிய அதே மாதத்தில், லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியை ஒரு கொரியக் கடைக்காரர் சுட்டுக் கொன்றிருந்தார். பிரச்சினை ஒரு ஜூஸ் பாட்டில். அவருக்குச் சிறைத் தண்டனையே கிடைக்கவில்லை. அந்தக் கோபம் கலவரத்தில் கொரியர்களின் கடைகள் மீது இறங்கியது. அடிபட்டவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்ட கதை அது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன் நாடகம் இன்னும் வறண்டது. பெயர் ‘தி கலர் ஆஃப் ஜஸ்டிஸ்’. ஸ்டீஃபன் லாரன்ஸ் கொலையில் போலீஸ் எப்படி நடந்துகொண்டது என்று நீதிபதி மேக்ஃபெர்சன் தலைமையில் விசாரணை நடந்தது. அதில் பதிவான கேள்வி–பதில்களை மட்டும் வெட்டி ஒட்டி, ரிச்சர்ட் நார்ட்டன்–டெய்லர் என்ற பத்திரிகையாளர் தயாரித்த நாடகம் இது. அவர் சொந்தமாக ஒரு வரிகூட எழுதிச் சேர்க்கவில்லை. ட்ரைசைக்கிள் தியேட்டரில் 1999 ஜனவரியில் அரங்கேறியது. அடுத்த மாதம் மேக்ஃபெர்சன் அறிக்கை வந்தது. லண்டன் போலீஸில் நிறவெறி தனிநபர் குறை இல்லை, அமைப்பிலேயே ஊறியது என்று அது சொன்னது. நாடகம் பார்த்தவர்கள் அந்த முடிவுக்கு ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

லாரன்ஸ் கொலையில் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது 2012ல். 19 வருஷம். பார்வதிக்கு 13. யாருடையது வேகமான நீதி என்று கணக்குப் போடுவதே அசிங்கமாக இருக்கிறது.

நம்ம ஊர்ல இல்லையா?

இருக்கிறது. இந்தியாவில் இதற்கான சரியான உதாரணம் சென்னையிலோ மும்பையிலோ இல்லை. அகமதாபாத்தில் சாராநகர் என்ற குடியிருப்பில் இருக்கிறது.

1998 பிப்ரவரி. மேற்கு வங்கம், புருலியா மாவட்டம். கேரியா சபர் என்ற பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர் போலீஸ் பிடியில் சித்திரவதைப்பட்டு இறக்கிறார். தற்கொலை என்கிறது போலீஸ். உடலை எரித்துவிட்டால் தடயம் போய்விடும் என்று சபர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. உடலை எரிக்காமல் மறைத்துப் புதைத்தார்கள். அதனால்தான் மறு பிரேதப் பரிசோதனை சாத்தியமானது. எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி முன்னின்று நடத்திய வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இழப்பீடும் சி.பி.ஐ. விசாரணையும் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பின் விவரங்கள் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் சாராநகருக்குப் போய்ச் சேர்ந்தன. சாரா சமூகத்து இளைஞர்கள் அதைப் படித்தார்கள். அதிலிருந்து தக்ஷிண் பஜ்ரங்கே ஒரு நாடகம் எழுதினார். பெயர் ‘புதன்’. அதே வருஷம் உருவான குழுவுக்கும் அதே பெயர்: புதன் தியேட்டர்.

வங்காளத்தில் செத்தவருக்காக குஜராத்தில் ஏன் நாடகம்? இங்கேதான் முதனை மறுபடியும் வருகிறது.

1871ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. சில சமூகங்கள் பிறவியிலேயே திருடர்கள் என்று அறிவித்துப் பட்டியல் போட்ட சட்டம் அது. பட்டியலில் இருந்தால் கைரேகை பதிய வேண்டும், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும். 1911 சட்டத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் பரவியது. சபர்கள், சாராக்கள், நம் ஊர்க் குறவர்கள் மூன்று பேருமே இந்த வலையில் விழுந்தவர்கள். 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுக்கச் சட்டம் போனது. பட்டியலில் இருந்தவர்களை இப்போது சீர்மரபினர் என்கிறோம். ஆனால், ஸ்டேஷன் மனதிலிருந்து பட்டியல் போகவில்லை. எங்கேயோ நகை காணாமல் போனால், இன்ன தெருவுக்குப் போ என்று ஜீப்புக்கு வழி தெரிந்திருக்கிறது.

இது பழங்கதை இல்லை. சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவது குறித்த வழக்கில், சீர்மரபினரைப் ‘பழக்கப்பட்ட குற்றவாளி’ என்று பார்க்கும் சிறை விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபரில்தான்.

அடிக்கிறது ஏன்? ஒரு சட்டக் குறிப்பு

கேஸ் டீட்டெயில்களைக் கவனித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: நகை.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்குத் தெரியும். அப்படியானால் ஏன் அடித்து வாங்க வேண்டும்? ஏனென்றால் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு (2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் வருகிறது): கைதானவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய அளவுக்கு அவர் சொன்னது செல்லும். அதாவது, ‘நான்தான் திருடினேன்’ என்பதால் பயனில்லை. ‘நகை கிணற்றடியில் இருக்கு’ என்று சொல்லி, நகையும் அங்கே கிடைத்தால் கேஸ் நின்றுவிடும். பொருளை எடுத்தே ஆக வேண்டும். பொருள் இல்லாதவரிடம் அதை எடுக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் கம்மாபுரம்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் விசாரணையில் அடிபட்டு இறந்ததும் காணாமல் போன நகைப் புகாரில்தான். அங்கே ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்திருந்தார். 1991ல் லாஸ் ஏஞ்சலீஸ் பால்கனியில் ஒருவர் செய்த அதே காரியம்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்துப் போட்டது. இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது, சட்டமாகாமலே காலாவதியானது.

‘ஜெய் பீம்’ போதாதா?

நியாயமான கேள்வி. த.செ.ஞானவேல் இயக்கத்தில் 2021 நவம்பர் 2 அன்று வெளியான படம் ஒரு நாடகம் பத்து வருஷம் சுற்றினாலும் சேர முடியாத ஆட்களை ஒரே ராத்திரியில் சேர்ந்தது. படம் வந்த பிறகுதான் பார்வதியை ஊடகங்கள் தேடிப் போயின. சூர்யா தரப்பு அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் டெபாசிட் அறிவித்தது. இதெல்லாம் சினிமாவின் பலம்.

ஆனால், ஆவண நாடகக்காரர்கள் கேட்கும் கேள்விகள் வேறு.

ஒன்று, ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளர். இருளர்களும் இதே மாதிரி அடி வாங்கும் சமூகம்தான், படக்குழுவுக்கும் அதற்கான காரணம் இருந்திருக்கும். ஆனால், குற்றப் பரம்பரைப் பட்டியலோடு குறவர்களுக்கு இருந்த குறிப்பிட்ட வரலாறு அந்த மாற்றத்தில் கைநழுவிவிட்டது. பாம்பு, எலி பிடிக்கும் அழகான காட்சிகள் வந்தன. ‘ஏன் இந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்’ என்பதன் நூறு வருஷப் பதில் வரவில்லை.

இன்னொன்று, பெயர். உண்மை வழக்கில் இருந்த சப்-இன்ஸ்பெக்டரின் பெயரைப் படம் மாற்றியது. அந்தப் பாத்திரத்தின் வீட்டுக் காட்சியில் தெரிந்த காலண்டரில் வன்னியர் சங்கத்தின் அடையாளமான அக்னி குண்டம் இருந்ததாகப் புகார் கிளம்பியது. பா.ம.க. கேள்வி மேல் கேள்வி கேட்டது. வன்னியர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியது. படக்குழு காலண்டரை மாற்றியது. நவம்பர் மாதம் முழுக்கத் தமிழ்நாடு ஒரு காலண்டரைப் பற்றிப் பேசியது. லாக்கப்பில் செத்தவரைப் பற்றிய பேச்சு அதோடு ஓரம் போய்விட்டது. காயம்பட்டதாகச் சொன்னவர்களின் கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது: பெயரை மாற்றும்போது பழியும் இடம் மாறலாம். ஆனால், அந்தக் கேள்வியை வைத்து லாக்கப்பை மறைத்ததும் நடந்தது.

ஆவண நாடகம் இந்த இடத்தில் தப்பிக்க முடியாது. ரெக்கார்டில் என்ன பெயரோ அதுதான் மேடையில். காலண்டர் மாட்டுவதற்குச் சுவரே கிடையாது.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. படத்துக்கு ஒரு ஹீரோ தேவை, வக்கீல் கிடைத்தார். நிஜமாகவே பெரிய வேலை செய்தவர்தான், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். ஆனால், கோர்ட் ரெக்கார்டில் அதிகம் இருப்பது சாட்சிகளின் பேச்சு. அடி வாங்கிய உறவினர்கள், பார்த்தவர்கள், பார்க்கவில்லை என்று சொன்னவர்கள். பயந்துபோன ஒரு கிராமத்துச் சாட்சியின் அரைகுறை வாக்கியத்தை மேடையில் நிறுத்தி நிதானமாகக் கேட்க வைக்க நாடகத்தால் முடியும். ஓடிடியில் அந்த இடத்தில் பத்து செகண்ட் முன்னே தள்ளிவிடுவோம்.

எல்லாமே ரெக்கார்டில் இருக்குமா?

இருக்காது. இதுதான் இந்த வடிவத்தின் பெரிய பலவீனம். ரெக்கார்டை எழுதுவதே பெரும்பாலும் அரசு. அதிலும் முதல் காகிதத்தை எழுதுவது, சில நேரம், குற்றம் செய்த அதே ஸ்டேஷன்.

விருத்தாசலத்திலேயே இதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 2003 ஜூலையில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த முருகேசனும், அவர் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வன்னியர் சமூகத்துக் கண்ணகியும், விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். விருத்தாசலம் போலீஸ் முதலில் புகாரையே ஒழுங்காக வாங்கவில்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது; அதில் இரண்டு பேர் அப்போது விசாரித்த போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. 22 வருஷம். 2003லேயே யாராவது ‘ஆவணங்களை மட்டும் வைத்து’ நாடகம் போட்டிருந்தால், போலீஸ் எழுதிய கதைதான் மேடை ஏறியிருக்கும்.

அதனால்தான் நல்ல ஆவண நாடகங்கள் ஒரு காகிதத்தை நம்புவதில்லை. ஸ்டேஷன் டைரிக்குப் பக்கத்தில் பிரேதப் பரிசோதனை அறிக்கை, அதற்குப் பக்கத்தில் மனைவியின் வாக்குமூலம். மூன்றும் ஒன்றோடு ஒன்று முட்டும் சத்தம்தான் நாடகம். சில நேரம் ஸ்டேஷனுக்குள்ளிருந்தே ஒரு குரல் வரும். 2020ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்த வழக்கில், இரவு முழுக்க அடித்ததையும் லத்தியில் ரத்தக் கறை இருந்ததையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. சொல்லும்போது அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பதையும் மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதிவைத்தார். அந்த அறிக்கையைச் சத்தமாக வாசித்தாலே போதும்.

தமிழில் இதற்கு ஆள் இருக்கா?

மேடை மரபு இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ஒரே ராத்திரியில் அரசனோடு பேசுவான், சேவகனாக மாறுவான், நடுவில் ஊர்க்காரனாக நின்று கிண்டலடிப்பான். அன்னா டெவேர் ஸ்மித் செய்ததைப் பார்த்து ஆச்சரியப்பட கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காரணமில்லை.

அந்தப் பெயரையே பெண்பாலாக்கி வைத்துக்கொண்ட குழு ‘கட்டியக்காரி’. அதன் ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கி, பத்திரிகையாளர் ஜெயராணி எழுதிய ‘மஞ்சள்’ நாடகம் 2017ல் சென்னை காமராஜர் அரங்கில் நடந்தது. கையால் மலம் அள்ளும் கொடுமை பற்றி பாஷா சிங் களத்தில் திரட்டி எழுதிய நூல்தான் அதற்கு ஆதாரம். போலீஸ் விஷயம் இல்லை என்றாலும், ரிப்போர்ட்டர் கொண்டுவந்த வாக்குமூலம் மேடையில் பேசினால் அரங்கம் எப்படி உறைந்துபோகும் என்பதைத் தமிழில் காட்டிய நாடகம்.

ஆவணத்துக்கும் பஞ்சமில்லை. கம்மாபுரத்துக்கு முந்தைய வருஷம்தான் வாச்சாத்தி. 1992 ஜூனில் அந்த மலைக்கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் புகுந்து செய்த அட்டூழியத்துக்கு 2011ல் தீர்ப்பு வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பல நூறு பக்கம் சாட்சியம் நீதிமன்ற அலமாரியில் இருக்கிறது.

இல்லாதது அனுமதி பற்றிய தெளிவு. சாட்சி இன்னும் அதே ஊரில், அதே ஆட்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டிருந்தால், அவர் வார்த்தையை மேடையில் பேச யாரிடம் கேட்க வேண்டும்? கோர்ட் ரெக்கார்ட் பொது ஆவணம். சட்டப்படி பெரிய சிக்கல் வராது. ஆனால், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நாடகம் நடந்து, சாட்சியின் பேரன் பார்வையாளர் வரிசையில் இருந்தால்? தண்டனை அனுபவித்தவரின் மகளும் இரண்டு வரிசை தள்ளி இருந்தால்? லாஸ் ஏஞ்சலீஸ் பெரிய நகரம். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கஷ்டமான வேடம் எது?

பாதிக்கப்பட்டவரின் வேடம் இல்லை. போலீஸ்காரர் வேடம்தான்.

சினிமாவில் அந்த நடிகருக்கு மீசையை முறுக்கலாம், குரலை ஏற்றலாம். ஆவண நாடகத்தில் அது செல்லாது. கோர்ட்டில் ஒரு அதிகாரி ‘தப்பி ஓடிவிட்டார்’ என்று சொன்னது ஒரு சாதாரணத் தொனியில், டைப்பிஸ்ட்டுக்குக் கேட்கும் அளவு சத்தத்தில். அதே சாதாரணத்தோடு அந்த வரியைச் சொல்ல வேண்டும்.

சாராநகர் இளைஞர்களுக்கு அது இன்னொரு விதத்தில் கஷ்டம். ‘புதன்’ நாடகத்தில் போலீஸ் வேடம் போட்டவர்களும் அந்தத் தெருவில் பிறந்தவர்கள்தான். எப்படி உதைப்பார்கள், எந்த வார்த்தை சொல்லித் திட்டுவார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாடகம் அரங்கேறி 20 வருஷம் கழித்து, 2018 ஜூலையில் ஒரு நள்ளிரவில் சாராநகருக்குள் போலீஸ் புகுந்தது. வீடு வீடாக ஏறி அடித்தார்கள், வாசலில் நின்ற வண்டிகளை உடைத்தார்கள் என்று குடியிருப்பாளர்கள் புகார் சொன்னார்கள். அடிபட்டவர்களில் புதன் தியேட்டர் நடிகர்களும் இருந்தார்கள்.